யாருக்கு ஓட்டு உண்டு, யாருக்கு இல்லை: மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தை உட்காரவைத்து, அவரவர் அடையாள அட்டையை, அதாவது ஐசியை, மேசையில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். பாட்டியிடம் சிவப்பு ஐசி. அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல ஐசி. திருச்சியிலிருந்து கல்யாணம் செய்து வந்த மருமகளிடம் இந்தியக் கடப்பிதழ். சின்னவன் சிங்கப்பூரில் வேலை பெர்மிட்டில் இருக்கிறான். எல்லாருக்கும் ஒரே அடுப்பில்தான் சோறு வேகிறது, ஆனால் தேர்தல் என்று வந்தால் நான்கு பேருக்கும் நான்கு சட்டம். தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மலேசியாவில் தொடங்கி, நம்மவர்கள் போய் வரும் மற்ற நாடுகளுக்கும் போகலாம்.

மலேசியாவில் ஓட்டுப் போட என்ன தகுதி வேண்டும்?

அரசியலமைப்பின் 119-வது பிரிவு மூன்று விஷயம் கேட்கிறது. மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏதாவது ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். படிப்பு, சொத்து, மதம், மொழி எதுவும் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் முழு ஓட்டுதான்.

18 வயது ஆனதும் எங்காவது போய்ப் பதிய வேண்டுமா?

இப்போது வேண்டாம். முன்பு 21 வயதாகி, அஞ்சலகத்திலோ தேர்தல் ஆணைய முகாமிலோ பாரம் (படிவம்) எழுதிக் கொடுத்தால்தான் பெயர் ஏறும். பாரம் கொடுக்காமலே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நம்மிடையே ஏராளம். 2019 ஜூலையில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி வயதை 18 ஆக்கியது, பதிவையும் தானியங்கியாக்கியது. திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 15-ல். 2018 பொதுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள், 2022 பொதுத் தேர்தலில் 2 கோடியே 11 லட்சம். நாலரை வருஷத்தில் இவ்வளவு கூடியதற்கு இளைஞர்கள் மட்டும் காரணம் இல்லை. பாரம் எழுதாமல் விட்ட அத்தனை பெரியவர்களும் ஒரே நாளில் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

ஒரு சிறு சிக்கல் உண்டு. ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு 18 ஆகும் பிள்ளை "எனக்கும் ஓட்டு இருக்கு" என்று கிளம்பினால் ஏமாற்றம்தான். அந்தத் தேர்தலுக்கான பட்டியல் அதற்கு முன்பே மூடப்பட்டிருக்கும்.

வீடு மாறிவிட்டோம். ஐசியில் முகவரியையும் மாற்றியாகிவிட்டது. போதாதா?

போதாது. தேசியப் பதிவு இலாகாவில் முகவரி மாற்றுவது ஒரு வேலை, தேர்தல் ஆணையத்தில் தொகுதி மாற்றுவது வேறு வேலை. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, ஓட்டுப் போடப் பழைய தொகுதி இருக்கும் ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் பஸ் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொகுதி மாற்ற விண்ணப்பத்தை ஆணையத்தின் இணையதளத்திலேயே கொடுக்கலாம், ஆனால் ஐசியில் புது முகவரி ஏறியிருக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு ஆகாது.

செந்தூலில் இருக்கும் எனக்கு ஒரு வாக்குச்சீட்டு, பத்துமலையில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு. ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஓரவஞ்சனை இல்லை, எல்லைக்கோடு. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 முதல் மத்திய அரசு நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசம். அதற்குச் சட்டமன்றம் கிடையாது. 11 நாடாளுமன்றத் தொகுதிகள் மட்டும்தான். பத்துமலை சிலாங்கூர் மாநிலம், அதனால் உங்கள் அக்கா சட்டமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார். பினாங்கில் 13 நாடாளுமன்றத் தொகுதி, 40 சட்டமன்றத் தொகுதி. இரண்டு தேர்தலும் ஒரே நாளில் வர வேண்டும் என்றும் இல்லை. பினாங்குக்காரர்கள் 2022 நவம்பர் 19-ல் நாடாளுமன்றத்துக்கும், 2023 ஆகஸ்ட் 12-ல் சட்டமன்றத்துக்குமாக இரண்டு முறை விரலில் மை வைத்துக்கொண்டார்கள்.

பாட்டி இங்கேதான் தோட்டத்தில் பிறந்தார், எண்பது வயதாகிறது. சிவப்பு ஐசி. ஓட்டு உண்டா?

இல்லை. சிவப்பு ஐசி நிரந்தர வசிப்பாளருக்கு உரியது. வரி கட்டலாம், வீடு வாங்கலாம், பேரன் பேத்தி எல்லாரும் நீல ஐசிக்காரர்களாக இருக்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

இது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாட்டியிடம் "ஏன் அப்பவே எடுக்கலை?" என்று கேட்க மாட்டோம். 1957 ஆகஸ்ட் 31 மெர்டேக்கா (சுதந்திர) நாளில் அல்லது அதற்குப் பிறகு மலாயாவில் பிறந்தவர்கள், 1962 வரை, பிறந்த மண்ணின் பேரிலேயே குடிமக்கள் ஆனார்கள். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஆனால் மெர்டேக்காவுக்கு முன் பிறந்த பலர் தாங்களாகப் போய் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பிள்ளை எதைக் காட்டி விண்ணப்பிக்கும்? தோட்டக் கிராணி (கணக்கர்) எழுதிய பெயர் ஒன்று, ஐசியில் ஏறிய பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பெயர் ஒன்று. பலருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற சேதியே போய்ச் சேரவில்லை. 1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மலாய்க்காரர்கள். இந்தியர்களும் சீனர்களும் நாட்டில் இல்லாமலா போனார்கள்? குடியுரிமைத் தாள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

வழி இன்னும் அடைபடவில்லை. மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்கள் அரசியலமைப்பின் 16-வது பிரிவின் கீழ்க் குடிமகனாகப் பதிய விண்ணப்பிக்கலாம். வெளியில் பிறந்து நீண்ட காலம் இங்கே வாழ்பவர்களுக்கு 19-வது பிரிவு, அதற்குக் கடந்த 12 ஆண்டில் மொத்தம் 10 ஆண்டாவது இங்கே வசித்திருக்க வேண்டும். இரண்டிலும் மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பாட்டி பசாரில் மீன்காரரிடம் பேரம் பேசும் மலாய் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் வாய் கட்டிப்போகும். கூடப் போகிறவர் முதல் நாளே வீட்டில் நாலு கேள்வி கேட்டுப் பேசிப் பழக்கிவிடுவது நல்லது. பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று, அண்ணன் தம்பியின் பிறப்புப் பத்திரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, நாட்டின் தேர்தல் வேண்டாம். ஊராட்சி (நகராட்சி, மாநகராட்சி) தேர்தலிலாவது சிவப்பு ஐசிக்காரர் ஓட்டுப் போடலாமே?

நியாயமான கேள்விதான். சில நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். சுவீடன், டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் சில வருஷம் குடியிருக்கும் வெளிநாட்டவரும் நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். குப்பை எடுப்பது, சாக்கடை, தெருவிளக்கு இதெல்லாம் அங்கே குடியிருக்கிறவனின் பாடு, கடப்பிதழ் நிறத்தைப் பார்த்து வெள்ளம் வருவதில்லை. எனக்கும் இந்த வாதத்தில் உடன்பாடுதான்.

மலேசியாவில் இந்தக் கேள்வியே எழ வழியில்லை. இங்கே நீல ஐசிக்காரருக்கும் ஊராட்சித் தேர்தல் கிடையாது. முன்பு இருந்தது. மலாயாவிலேயே முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பர் 1-ல் ஜார்ஜ்டவுனில் நடந்தது, அடுத்த வருஷம் கோலாலம்பூரில். 1957-ல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் நம்மவர், டி.எஸ். இராமநாதன். பினாங்கில் அவர் பெயரில் சாலை இருக்கிறது, அந்த வழியாகப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும்? 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம் அவற்றுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு அரசு 2012-ல் தனியாக ஒரு சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மேயர் இன்றுவரை நியமனம்தான்.

மருமகள் இந்தியக் குடிமகள். அவளுக்கு எங்கே ஓட்டு?

இந்தியாவில், ஆனால் நேரில் போனால் மட்டும். 2010-ல் இந்தியா தன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும் வாக்காளராகப் பதியலாம் என்றது. கடப்பிதழில் உள்ள ஊர் முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கே 6ஏ படிவம் கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஓட்டெடுப்பு நாளில் அசல் கடப்பிதழோடு அந்த வாக்குச்சாவடிக்கே போக வேண்டும். அஞ்சல் ஓட்டு, தூதரகத்தில் ஓட்டு எதுவும் இவர்களுக்கு இல்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானச் சீட்டு வாங்கி ஒரு பொத்தானை அமுக்கப் போகிறவர் எத்தனை பேர்? இருந்தும் சிலர் ஊர்த் திருவிழாவையும் தேர்தலையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு வருகிறார்கள்.

மலேசியக் குடியுரிமை எடுத்தால் அந்த ஓட்டு போய்விடும். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை.

எங்களிடம் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இருக்கிறது. அதை வைத்து இந்தியாவில் ஓட்டுப் போடலாமா?

முடியாது. அந்த அட்டையின் பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருப்பதால் வரும் குழப்பம் இது. அது நீண்ட கால விசா மாதிரிதான். ஓட்டும் இல்லை, வேட்பாளராக நிற்கவும் முடியாது.

இலங்கைக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு?

இலங்கை, வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கு அங்கிருந்தபடி ஓட்டுப் போடும் வசதி எதையும் தரவில்லை. பட்டியலில் பெயர் இருந்து, அன்று ஊரில் இருந்தால் போடலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் ஓட்டுப் போடலாம், ஆனால் 2022-ல் வந்த 21-வது திருத்தத்தின்படி நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது.

இலங்கையின் கதையைத் தோட்டத்து வழி வந்த நாம் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். 1931-லேயே அங்கே ஆண் பெண் எல்லாருக்கும் 21 வயதில் ஓட்டுரிமை வந்துவிட்டது. அப்போது ஆசியாவில் அது மிக அரிது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். சுதந்திரம் கிடைத்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டையும் பறித்தார்கள். 1952 தேர்தலில் அவர்கள் வெறும் பார்வையாளர்கள். 1964-ல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு பிரித்தது, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று. மிச்சம் இருந்தவர்களுக்குக் கடைசியாக 2003-ல் ஒரு சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஓட்டுரிமை ஒருமுறை வந்தால் நிலைத்துவிடும் என்று யாராவது சொன்னால் மலையகத்தின் ஹட்டனையும் நுவரெலியாவையும் காட்டுங்கள்.

மகன் லண்டனில் படிக்கிறான். அங்கே ஓட்டுப் போடலாம் என்கிறான். உண்மையா?

உண்மைதான். பிரிட்டனில் முறையான விசாவோடு வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். மலேசியா, இந்தியா, இலங்கை மூன்றும் அதில் அடக்கம். பழைய சாம்ராஜ்யம் போன பிறகும் விட்டுப்போன மிச்சம் அது. நியூசிலாந்து இன்னும் தாராளம். நிரந்தர வசிப்பு உரிமையுள்ள எந்த நாட்டுக்காரரும், தொடர்ந்து ஒரு வருஷம் அங்கே இருந்திருந்தால் ஓட்டுப் போடலாம். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் குடிமக்களுக்கு மட்டும்தான். டொராண்டோவில் வருஷக்கணக்காக இருந்தும் குடியுரிமை எடுக்காத சித்தப்பாவுக்கு அங்கே ஓட்டு இல்லை.

இனி முக்கியமான விஷயம். "போடலாம்" என்று பிரிட்டன் சொல்வது அதன் பக்கச் சட்டம். மலேசிய அரசியலமைப்பின் 24-வது பிரிவு, வெளிநாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையை ஒருவர் தானாகக் கேட்டு அனுபவித்தால் அவருடைய மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. வெளிநாட்டு அரசியல் தேர்தலில் ஓட்டுப் போடுவதையும் அந்நாட்டுச் சட்டம் தரும் உரிமையைக் கேட்டு அனுபவித்ததாகவே அதே பிரிவு கருதுகிறது. பிரிட்டனில் அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதல்லவே என்று வாதாட இடம் உண்டு. வாதாடி ஜெயிக்க வேண்டிய நிலைக்கு மகன் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. நானாக இருந்தால், ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் பாரத்தைத் தொட மாட்டேன். அங்கே இருந்தபடி மலேசியாவுக்கு அஞ்சல் ஓட்டுப் போட விண்ணப்பிக்கலாம், அதில் எந்த வில்லங்கமும் இல்லை.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அவனும் அஞ்சலில் போடலாமா?

2022 பொதுத் தேர்தலில் சிங்கப்பூர், புருணை, தென் தாய்லாந்து, கலிமந்தான் ஆகிய இடங்களில் இருந்த மலேசியர்களுக்கு, அரசுப் பணியாளர் போன்ற சிலரைத் தவிர, அஞ்சல் ஓட்டு கிடையாது. பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், வந்து போடுங்கள் என்பது கணக்கு. சிங்கப்பூரிலிருந்து வரும் ஜொகூர் பாலத்தில் தேர்தல் வாரத்தில் நின்றவர்களிடம் 'பக்கம்' எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த தேர்தலுக்கு முன் ஆணையத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 21 வயதில்தான் ஓட்டு, நிரந்தர வசிப்பாளருக்கு இல்லை. அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். போடாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும், தகுந்த காரணம் சொல்லாவிட்டால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டித்தான் திரும்பச் சேர்க்க முடியும். ஆஸ்திரேலியாவிலும் 1924 முதல் கட்டாயம், நாடாளுமன்றத் தேர்தலில் போடாதவருக்கு 20 டாலர் அபராதம். மலேசியாவில் கட்டாயம் இல்லை.

எல்லா நாட்டிலும் 18 தானா?

பெரும்பாலும். ஆஸ்திரியாவில் 2007 முதல் 16. பிரேசிலில் 16 முதல் விரும்பினால், 18-லிருந்து 70 வரை கட்டாயம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அவரவர் நாடாளுமன்றத்துக்கு 16. லெபனானில் 21. நம் அண்டை வீட்டு இந்தோனேசியாவில் 17, ஆனால் கல்யாணம் ஆகியிருந்தால் அதற்குக் குறைந்த வயதிலும் போடலாம். கல்யாணம் ஆனால் பொறுப்பு வந்துவிடும் என்று நம் பெரியவர்கள் சொல்வதை அங்கே சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

ராணுவத்தில் இருப்பவர், சாமியார், இவர்களுக்கெல்லாம்?

மலேசியாவில் ராணுவத்தினரும் காவல்துறையினரும் முன்கூட்டியே ஓட்டுப் போடுகிறார்கள். இந்தோனேசியாவில் பணியில் இருக்கும் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் ஓட்டே இல்லை. தாய்லாந்தில் புத்த பிக்குகளுக்கு இல்லை. அங்கே காவி கட்டினால் பட்டியலுக்கு வெளியே. பினாங்கில் உள்ள தாய்லாந்துப் புத்தக் கோயில்களில் மலேசியக் குடிமகனாக இருக்கும் பிக்குவுக்கு அந்தத் தடை இல்லை, நம் கோயில் குருக்கள்மாருக்கும் இல்லை.

கடனில் திவாலானவர், ஜெயிலுக்குப் போய் வந்தவர்?

திவாலானவர் தாராளமாக ஓட்டுப் போடலாம். நாடாளுமன்றத்துக்கு நிற்கத்தான் முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வெட்கத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு மலேசியாவில் ஓட்டு இல்லை. தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு உண்டு. இந்தியாவில் இன்னும் கடுமை, விசாரணைக் கைதிகூட ஓட்டுப் போட முடியாது, ஆனால் உள்ளே இருந்தபடி வேட்பாளராக நிற்பவர்கள் இருக்கிறார்கள்! கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கைதிகள் சிறைக்குள்ளேயே ஓட்டுப் போடுகிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மெய்னிலும் வெர்மாண்டிலும் சிறையிலிருந்தே போடலாம், வேறு சில மாநிலங்களில் விடுதலையான பிறகும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எல்லாத் தகுதியும் இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்?

பட்டியலில் பெயரைப் பாருங்கள். ஆணையத்தின் இணையதளத்தில் ஐசி எண்ணைத் தட்டினால் தொகுதி, வாக்களிப்பு மையம், சாலுரான் (ஓட்டுப் போடும் வரிசை) எண் எல்லாம் வரும். சாலுரான்கள் வயதுப்படி பிரிக்கப்படுவதால் அப்பாவும் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேறு வேறு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முதல் வரிசை பெரும்பாலும் முதியவர்களுக்கு. சக்கர நாற்காலியில் வருபவரின் சாலுரான் கீழ்த் தளத்தில் இருக்கிறதா என்று முன்னதாகவே போய் விசாரித்துவிடுங்கள். போகும்போது அசல் ஐசி வேண்டும், போனில் எடுத்த படம் ஆகாது. ஐசி உடைந்து பெயர் அழிந்திருந்தால் தேர்தல் சூடு கிளம்பும் முன்பே பதிவு இலாகாவுக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அங்கே எண் வாங்கவே காலை ஏழு மணிக்குக் கூட்டம் நிற்கும்.